கைப்படச் செய்த சுத்தம்

பிப்ரவரி 26

தம்பிக்கு,

கரு கலைந்த பிறகு எதுவும் செய்யாமல் காத்திருப்பது, மாத்திரை போடுவது, உள்ளே கருவி விட்டு எடுப்பது. இந்த மூன்றில் எது கர்ப்பப்பையில் குறைவான தழும்பை விட்டுப்போகும்? சிட்டு நேற்று போனில் என்னிடம் கேட்டது இதைத்தான். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். எதற்கும் ஒரு கட்டுரையைத் தேடிப் பிடித்துவிடுகிற அம்மா, கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற அம்மா, தெரியவில்லை என்றதும் அவள் 'நிஜமாவா' என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "உனக்கே தெரியலன்னா மாமாவுக்கு மட்டும் எப்படிம்மா இவ்வளவு நிச்சயமா தெரியுது?" என்றாள்.

அந்தக் கேள்வியை உனக்கு அனுப்புகிறேன்.

கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கரு கலைந்த பெண்களுக்கு உள்ளே கேமரா குழாய் விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருத்திக்கு ஏதோ ஓர் ஒட்டுதல், அதாவது தழும்பால் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது, இருந்திருக்கிறது. பெரும்பாலும் லேசானவை. ஒரு தடவைக்கு மேல் சுரண்டப்பட்டவர்களிடம் அது கூடுதல். காத்திருந்தவர்களையும் மாத்திரை போட்டவர்களையும் அப்படி உள்ளே பார்த்த ஆய்வுகள் மிகக் குறைவு. அதனால் அவை பாதுகாப்பு என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. பின்னால் குழந்தை பெற்றவர்களின் கணக்கில் மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதில் ஓரளவு உறுதியாகத் தெரிவது ஒன்றே ஒன்று: இரண்டாம் முறை சுரண்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பத்தாவது வாரத்தில் துடிப்பு நின்றுவிட்டது என்று உன் ஆஸ்பத்திரி ஸ்கேனில் தெரிந்த அன்றே அவளை உள்ளே கூட்டிப்போய் முடித்துவிட்டாய். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அது போகட்டும். இப்போது 'கொஞ்சம் மிச்சம்' தெரிகிறது என்று திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாயாம். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. பெரிதாக உதிரப்போக்கு இல்லை. அடுத்த மாதவிலக்கு வரை பொறுத்து ஒரு ஸ்கேன் எடுத்தால் என்ன? மாத்திரை கொடுத்துப் பார்த்தால் என்ன? எடுத்தே ஆக வேண்டும் என்றால், கேமரா குழாய் விட்டு அந்த இடத்தை மட்டும் பார்த்து எடுக்கிறவர்களிடம் அனுப்பினால் என்ன?

முதல் தடவை நீ எதை வைத்து எடுத்தாய் என்பதையும் எழுது.

நேற்று உன்னைப் போனில் கூப்பிட்டேன். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாய். உன் எதிரில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு என் மகளின் கர்ப்பப்பையைப் பற்றி நான் விளக்க வேண்டியிருந்தது. "அக்கா கணக்கு டீச்சர். தும்மினாலும் சதவீதம் கேப்பாங்க" என்று அவர்களிடம் சொன்னாய். அவர்கள் சிரித்தார்கள். வைத்துவிட்டேன். ஆகவே கூரியர்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உன் கவரைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரித்தேன். நீ எழுதினால் யாருக்கோ மார்க் குறையப்போகிறது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து அந்த யாரோ நான்தான்.

கூரியர் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருந்தது, சிட்டுவைக் கூப்பிட்டு அன்றைக்கே முடித்துவிட்டேன். திங்கட்கிழமை வரை எதற்கு அவள் நெஞ்சில் பாரம்? நீ இரண்டு முறை யோசிக்கச் சொல்கிறாய். நான் இருபது வருஷம் யோசித்தவன்.

எதை வைத்து எடுத்தாய் என்று கேட்கிறாய். சொல்கிறேன், கேட்டால் உனக்கே நிம்மதி வரும். இங்கே சாதாரணமாக வருகிறவர்களுக்கு உறிஞ்சி எடுக்கிற மெஷின் இருக்கிறது. உதவி டாக்டர் பார்த்துக்கொள்வாள், பத்து நிமிஷ வேலை, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நம் சிட்டுவை அப்படி விட எனக்கு மனம் வருமா? இரண்டு தடவையும் நானே கைப்படச் செய்தேன். நான் படித்த காலத்து எஃகுக் கரண்டி இன்னும் பத்திரமாக இருக்கிறது. மெஷினுக்குக் கண்ணும் கிடையாது, கையும் கிடையாது. கரண்டி அப்படியில்லை. சுரண்டிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் கரகரவென்று விரலுக்குத் தெரியும். "கர்ப்பப்பையே போதும்னு சொல்லும்டா, காது கொடு" என்பார் எங்கள் பேராசிரியர். அந்தக் கரகரப்பு வந்த பிறகும் நான் இன்னொரு சுற்று வந்தேன். நம் வீட்டுப் பெண் ஆயிற்றே. அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது, இப்போது பளிங்கு.

தழும்பு, ஒட்டுதல் என்றெல்லாம் படித்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. ஆயிரக்கணக்கில் செய்தாயிற்று. அப்படி ஒரு குறையோடு என் முன்னால் ஒருத்தியும் வந்து நின்றதில்லை.

மாப்பிள்ளை வெளியே நின்றுகொண்டு, "சார், ரொம்ப வலிக்குமா" என்று கேட்டார். "நீங்க ரிப்பேர் பண்ற லிஃப்டை விட ஸ்மூத்தா போய்ட்டு வந்துடுவா" என்றேன். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

தாய்மாமன் நான் இருக்கும்போது அவளுக்கு என்ன குறை வந்துவிடும்? மூன்று மாதம் கழித்துப் பார், நல்ல செய்தி சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அடிப்பிடித்த பால் பாத்திரம் ஒன்று தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. கம்பி நாரைக் கையில் எடுத்தேன். முடியவில்லை. பாத்திரத்தை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். நல்ல பாத்திரம்.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்துகிற பழக்கம் எனக்கு இல்லாததால் எழுதுகிறேன்.

வழியோடு போகிறவளுக்கு மெஷின். சொந்த அக்கா மகளுக்குக் கரண்டி. முகம் தெரியாதவளுக்குப் பத்து நிமிஷம். நெருங்கியவளுக்குக் கரகரப்பு கேட்ட பிறகும் இன்னொரு சுற்று. அந்தக் கரகரப்பு எதனுடையது என்று உனக்குத் தெரியாதா? மேலே வளர்ந்து ஒவ்வொரு மாதமும் உதிர்கிற படலம் முழுவதும் போய், அதை மறுபடி வளர்க்கிற அடிப்படலமும் போய், கரண்டி தசையைத் தொடுகிற சத்தம் அது. கணக்கு டீச்சருக்கே படித்தால் புரிகிறது. கர்ப்பப்பை போதும் என்று சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். சொன்ன பிறகும் நீ நிறுத்தவில்லை. உன் பாசம் தேவைக்கு மேல் ஆழமாகப் போயிருக்கிறது.

ஒருத்தியும் குறையோடு வந்து நின்றதில்லை என்கிறாய். வந்து நிற்காததுதான் உன் ஆதாரமா? மாதவிலக்கு வற்றிப்போனவள், அடுத்த கரு தங்காதவள் உன்னிடமே ஏன் வர வேண்டும்? வேறு டாக்டரிடம் போகிறாள். வேறு ஊருக்குப் போகிறாள். மாமியார் வாயில் விழுந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். திரும்பி வராதவர்களை எல்லாம் நீ குணமானவர்கள் பக்கம் சேர்த்துக்கொள்கிறாய். முதலாண்டு மாணவர்கள் பரீட்சையில் இந்தத் தப்பைச் செய்வார்கள். நான் மார்க் குறைப்பேன். அவர்கள் யார் வயிற்றிலும் கை வைப்பதில்லை.

இன்னொன்று. சுத்தம், சுத்தம் என்கிறாய். சிட்டுவும் போனில், "மாமா நல்லா சுத்தம் பண்ணிட்டாராம்மா" என்றாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. எதை அழுக்கு என்கிறீர்கள்? அவளும் மாப்பிள்ளையும் அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்து வாரம் அந்த வீட்டில் பட்டாணி தூங்கியது, பட்டாணிக்குப் பசித்தது, பட்டாணிக்குப் புளிப்பு பிடிக்கவில்லை. அதன் இடத்தை நீ சாக்கடை அடைப்பு எடுக்கிற வார்த்தையால் பேசுகிறாய். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உன் கை இன்னும் கொஞ்ச நாளைக்கு என் வீட்டில் எதையும் தொட வேண்டாம்.

அவளிடம் நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "மாமாகிட்ட எப்படிம்மா சொல்றது? ஏற்கனவே கையில கிளவுஸ் மாட்டிட்டாரு" என்றாள்.

இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவளுக்கு மாதவிலக்கு வருகிறதா என்று மட்டும் கவனி.

அக்கா


மே 12

அக்கா,

எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று நீ சொன்னதால் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போதும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், வெளியே கூட்டம்.

சிட்டுவுக்கு இன்னும் விலக்கு வரவில்லை. நீ பயப்படுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இது மன அழுத்தம். ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் எல்லாம் சரியாக இருக்கிறது. வரவழைக்க மாத்திரை கொடுத்தேன். வரவில்லை. இன்னொரு சுற்று கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு லென்ஸ் தேய்க்கிற வேலை, அதை விடச் சொன்னேன். கேட்க மாட்டேன் என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ அவளிடம் தழும்பு, ஒட்டுதல் என்று பேசுகிறாயாம். பேசாதே. பயத்திலேயே பாதிப் பேருக்கு நின்றுவிடுகிறது.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

விடுமுறையில் சிட்டு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். உன்னைப் பார்க்க வந்ததும் உண்மை. காத்திருப்போர் அறையில் உட்கார்ந்துவிட்டு, பார்க்காமல் திரும்பியதும் உண்மை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த அறையின் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். அந்தச் சுவரைப் பார்த்த மாதிரிதான் எல்லா நாற்காலியும் போடப்பட்டிருக்கிறது. மீன் தொட்டியில் தண்ணீர் பச்சையாகி, ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தது. சுத்தத்துக்குப் பேர்போன இடம். என் பக்கத்தில் ஒரு பெண் அடிவயிற்றில் கை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சிட்டு மாதிரி உள்ளே போய்விட்டு வந்தவள் என்று தெரிந்தது. அப்போது யாருக்கோ பிரசவமான சந்தோஷத்தில் இனிப்புப் பெட்டியோடு ஒருவர் சுற்றி வந்தார். உன் வரவேற்புப் பெண் தானே ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்து, "எடுத்துக்கங்க, அடுத்தது உங்களுக்குத்தான்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்தப் பெண் அதை வாயில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உள்ளங்கையில் வைத்தபடியே இருந்தாள். நெய் கசிந்து புடவையில் சொட்டியது.  எழுந்து வந்துவிட்டேன்.

சிட்டுவுக்கும் இரண்டு முறையும் இனிப்புக் கிடைத்ததாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் கடைக்குப் போனேன். உள்ளறையில் தேய்ப்பு இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பிறகும் இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச வேண்டியிருக்குமே என்று நினைத்திருப்பாள்.

"மாசா மாசம் வலி மட்டும் கரெக்டா வருதும்மா. மூணு நாள் சுருட்டி எடுக்குது. மத்தது வர்றதில்ல."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வயித்துல கேஸுங்கறாரு." லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல ஒரு கீறல் விழுந்தா கஸ்டமர்கிட்ட சாரி சொல்லிட்டு வேற போட்டுக் குடுப்போம். எனக்கு யாரும்மா போட்டுக் குடுப்பா?"

அவள் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். உன்னிடம் கற்றது அந்தச் சிரிப்பு.

வீட்டில் மாப்பிள்ளைதான் பரிமாறினார். சாப்பிட்டு முடித்த பிறகு, "அத்தை, சார் போன்ல வந்தாலே எனக்குக் கால் தானா எழுந்து நின்னுக்குது. வேணாம்னு உட்கார்ந்துக்கிட்டே சொல்லிப் பழகணும்" என்றார். அந்த வீட்டில் அன்று மூன்று பேரும் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

இனி நான் சொல்வதைக் கேள். வலி வருகிறது, உதிரம் வரவில்லை, ஹார்மோன் சரி, மாத்திரைக்கும் அசையவில்லை. இதற்கு மேல் மன அழுத்தம் என்று சொல்ல உனக்கே வாய் கூச வேண்டும். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அதை நீ செய்யப்போவதில்லை. உன்னிடம் மூன்று வருஷம் ஜூனியராக இருந்தாளே, அந்தப் பெண் டாக்டர், இப்போது ஒட்டுதல் எடுப்பதையே தனி வேலையாகச் செய்கிறாள் என்று விசாரித்து அறிந்தேன். அவளிடம் நாள் வாங்கிவிட்டேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். என்ன செய்தாய் என்று அவளிடம் நேராகச் சொல். கரண்டி, இரண்டு தடவை, கரகரப்புக்குப் பிறகும் இன்னொரு சுற்று. 'வழக்கமான முறையில் எடுக்கப்பட்டது' என்று வழவழா கொழகொழா வேண்டாம். உன் வழக்கமான முறை மெஷின்.

அக்கா


ஜூன் 14

அக்கா,

செருப்பால் அடித்திருக்கலாம். சீக்கிரம் முடிந்திருக்கும்.

என் ஜூனியர். கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுத்தவள். அவள் முன்னால் போய் நான் கை கட்டி நின்று, இன்னின்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? மத்தியானம் அவள் தியேட்டரில் சொன்னால் சாயங்காலம் மருந்துக் கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். நானே கேமரா விட்டுப் பார்க்கிறேன் என்று சிட்டுவிடம் சொன்னேன். அவள், "வேணாம் மாமா" என்றாள். உட்கார்ந்துகொண்டே சொன்னாள். இருபத்தாறு வயதில் முதல் தடவையாக என்னை வேண்டாம் என்கிறாள்.

நீ என்ன நினைக்கிறாய், எனக்குத் தூக்கம் வருகிறது என்றா? அவள் பிறந்தபோது உனக்கு முன்னால் அவளைக் கையில் வாங்கியவன் நான். அவளுக்கு ஒரு சொட்டு மிச்சம் இருந்து, காய்ச்சல் வந்து, ஏதாவது ஆகியிருந்தால் அன்றைக்கு நீ என்ன எழுதியிருப்பாய்? 'மெஷினிடம் விட்டுவிட்டாயே, கையால் பார்த்திருக்கக் கூடாதா' என்று எழுதியிருப்பாய். இல்லை என்று சொல், பார்க்கலாம்.

நான் அவளுக்குக் கெடுதல் செய்ய நினைத்தேன் என்று மட்டும் எழுதாதே.

ஜூனியரிடம் பேசிவிட்டேன். கரண்டி என்று சொன்னேன். இரண்டு தடவை என்று சொன்னேன். மூன்றாவதாக நீ கேட்டதையும் சொன்னேன். அவள் "சரி சார்" என்றாள். அந்த "சரி சார்" இருக்கிறதே, அக்கா.

அன்றைக்கு நான் வரலாமா?

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்திருந்தால் நான் அப்படித்தான் எழுதியிருப்பேனோ என்னவோ. ஆனால் அதற்காகத்தான் மூன்று வழியையும் அவளிடம் சொல்லி, அவளையே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்கிறேன். அப்போது எது நடந்தாலும் நாம் இரண்டு பேரும் அவள் வயிற்றுக்கு மேல் நின்றுகொண்டு சண்டை போட மாட்டோம்.

நீ கெடுதல் நினைத்தாய் என்று நான் எழுதவில்லை. கெடுதல் நினைத்திருந்தால் மெஷினோடு விட்டிருப்பாய். அவள் தப்பித்திருக்கவும் கூடும். அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இன்று நடந்ததை எழுதிவைக்கிறேன். நீயும் அங்கே இருந்தாய், ஆனாலும் எழுதுகிறேன். பத்து நாளில் நீ இதை வேறு மாதிரி சொல்லத் தொடங்குவாய், எனக்கு உன்னைத் தெரியும்.

ஜூனியர் வெளியே வந்து, உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் நடுவில் ஒட்டி, ஒரு பட்டையாக நின்றிருக்கிறது. கீழே வாய்ப்பக்கம் படலம் போல மூடியிருக்கிறது, அதனால்தான் உதிரம் வெளியே வர வழியில்லாமல் வலி மட்டும் வந்தது. வலது மூலை அடைபட்டுவிட்டது. சிறு கத்தரியால், கண்ணால் பார்த்துக்கொண்டே வெட்டிப் பிரித்தாளாம். மறுபடி ஒட்டாமலிருக்க உள்ளே சின்ன பலூன் ஒன்றை வைத்திருக்கிறாள். சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். வலது மூலை திறக்கவில்லை.

சிட்டு கண் விழித்ததும் கேட்டது ஒரே கேள்வி. "டாக்டர், இனிமே தங்குமா?"

"தங்கலாம். தங்கினாலும் நஞ்சுக்கொடி சரியான இடத்துல ஒட்டுதான்னு ஆரம்பத்துலேருந்து பார்க்கணும். தங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். தங்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

சிட்டு தலையாட்டினாள். அவளிடம் முதல் தடவையாக ஒரு டாக்டர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அவள் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று. அதை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாய். பெருக்கிக்கொண்டு வந்த ஆயாம்மா, "இங்க நிக்கக் கூடாதுங்க, நீங்க பேஷண்ட்டுக்கு யாரு?" என்று கேட்டபோது "டாக்டர்" என்று வாயெடுத்து, நிறுத்தி, "மாமா" என்றாய். அதைக் கவனித்தேன். அதற்கு மார்க் கொடுக்கிறேன்.

பிறகு அழுதாய். மாப்பிள்ளை எழுந்து நாற்காலி கொடுத்தார், பழக்கதோஷம். உன் கைக்குட்டையில் ஆஸ்பத்திரி மருந்து வாடை அடித்தது. சிட்டுவின் தலையில் கை வைத்து நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தக் கரண்டியைத் தூக்கிப் போட்டுடறேன்க்கா. நாளையிலேருந்து வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு வழியையும் சொல்லுவோம், அவங்க எடுக்கறதுதான் முடிவு. எல்லாருக்கும் உடனே சொல்லிடறேன். நம்ம ஆஸ்பத்திரில 'சுத்தம்'ங்கற வார்த்தையே இனிமே கிடையாது. சிட்டு மேல சத்தியம்."

அவள் தலையிலிருந்து உன் கையை எடுத்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. அவள் எடுக்கச் சொல்லவில்லை. நான் பாதி நம்பினேன். பாதி என்பது எனக்கு அதிகம்.

இதை நாளை காலை அனுப்புகிறேன்.

ஜூலை 3

அனுப்புவதற்கு முன் உன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். குரலை மாற்றவில்லை, பொய்ப் பெயர் சொல்லவில்லை. மகளுக்குப் பத்து வாரத்தில் கலைந்துவிட்டது, என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். டாக்டர் அதிகாலையிலேயே வந்துவிட்டார், உள்ளேதான் இருக்கிறார் என்றாள் வரவேற்புப் பெண். மூன்று வழியையும் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் புதிதாக ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்டேன். "இல்லையேம்மா" என்றாள். நீ சொல்ல மறந்தாயா, சொல்லவே நினைக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. உள்ளே படுத்திருக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வைக்கப்போனேன். அவள்தான் குரலைத் தாழ்த்தி, எனக்கு உதவி செய்கிற மாதிரி கேட்டாள்.

"தெரிஞ்சவங்க யாராவது சொல்லி வர்றீங்களாம்மா? அப்படின்னா சொல்லுங்க, மெஷின்ல விட மாட்டாரு. டாக்டரே கைப்படச் சுத்தம் பண்ணுவாரு. சொந்த வீட்டுப் பொண்ணுக்குப் பண்ற மாதிரி."